மேடையில் கொடுத்த வாட்ச்

— மூச்சு விடாதீங்க, பாங் அண்ணே!

— அடப்பாவி, நான் கதவுகிட்ட நிக்கிறேன். என் மூச்சு அங்க வரைக்குமா வரும்?

— வரும். போன தடவை நீங்க தும்முனதுல நொடி முள்ளே காணாமப் போச்சு. வாரிக் கொட்டிடுவோமோன்னு பயந்து சியூலான் ரெண்டு நாள் வீடே கூட்டல.

— உன் பொண்டாட்டி வீடு கூட்டாததுக்கும் நான்தான் காரணமா? சரி, அந்த ஃபேனையாவது போடு. என் சட்டையைப் பிழிஞ்சா ஒரு குவளை தேறும்.

— ஃபேன் போட்டா தூசி பறக்கும். டயல் திறந்து கிடக்கு.

— லிச்சி வாங்கிட்டு வந்தேன். ஒண்ணு உரிச்சுத் தரவா?

— ஐயோ, வேணாம், சாறு தெறிக்கும்! அங்கேயே வைங்க. கையைத் துடைச்சுட்டு உங்க வாட்ச்சைக் கழட்டி இந்தத் துணி மேல வைங்க. முள் எப்படி உட்கார்ந்திருக்குன்னு பார்த்துப் பார்த்து மாட்டணும்.

— பதினஞ்சு வருஷம் முதலாளி காரை ஓட்டினேன். இப்படி ஒரு அதிகாரத்தை அந்த முதலாளிகிட்டகூடப் பார்த்ததில்ல. இந்தா.

— பாருங்க, உங்க நொடி முள் எப்படி எண்ணெயில வழுக்குற மாதிரி போகுது! என்னோடது நொண்டி நொண்டித்தான் போகும். ரெண்டும் ஒரே மேடையில, ஒரே நாள் குடுத்த வாட்ச்னு யாராவது நம்புவாங்களா?

— வாட்ச்சுன்னா ஒண்ணு அப்படி இருக்கும், ஒண்ணு இப்படி இருக்கும். கார் இல்லையா? ஒரே கம்பெனி, ஒரே வருஷம், ஒண்ணு மட்டும் மேட்டுல முக்கும்.

— இது அது இல்ல அண்ணே. இருங்க... நிமிஷ முள் உட்காருது... உட்காருது... உட்கார்ந்துருச்சு!

— மூச்சு விடலாமா?

— கொஞ்சமா விடுங்க. இப்ப மணியைத் திருப்பி வைக்கிறேன். ஒண்ணு... ரெண்டு... மூணு... அய்யய்யோ.

— என்னடா?

— தேதி மாறிடுச்சு.

— மாறட்டுமே. தேதின்னா மாறத்தானே செய்யும்?

— நாலு மணிக்கு மாறுது அண்ணே! ராத்திரி பன்னெண்டுக்கு மாற வேண்டியது சாயங்காலம் நாலுக்கு மாறுது. முள் மாட்டுறதுக்கு முன்னாடி, தேதி டக்குன்னு விழுற இடத்துக்கு மெஷினைத் திருப்பி, அப்புறம்தான் ரெண்டு முள்ளையும் பன்னெண்டுல வைக்கணும். அவசரத்துல மறந்துட்டேன்.

— சாயங்காலமே நாளைக்கு ஆயிடுதா? இதை நம்ம லாவ் முதலாளி கட்டியிருந்தா, சம்பளமாவது சீக்கிரம் வந்திருக்கும்.

— சிரிக்காதீங்க. திரும்ப எல்லாத்தையும் பிரிக்கணும்.

— எத்தனாவது தடவை?

— எண்ணுறதை விட்டுட்டேன். முதல் தடவை டயல் மேல என் கைரேகை. அப்புறம் கண்ணாடிக்கு உள்ளே ஒரு முடி, சியூலானோடது. அவ மேலயே எரிஞ்சு விழுந்தேன், தலையை முடிஞ்சுக்கிட்டு நடக்க மாட்டியான்னு. அப்புறம் ஸ்பிரிங் எகிறி சோத்துப் பானைக்குள்ளே விழுந்துச்சு.

— அவ எனக்கு போன் பண்ணினா, தாக்.

— யாரு?

— உன் பொண்டாட்டிதான். சூப்பர்மார்க்கெட்ல பில் போடுற இடத்துல உட்கார்ந்துக்கிட்டே அழுதிருக்கா. நான் லிச்சி குடுக்க வரல தம்பி. ஹுய்ஜோ ஊர்ல இருக்குற ஆலையில கெஞ்சிக் கூத்தாடி உனக்கு ஒரு வேலை பிடிச்சேன். திங்கக்கிழமை காலையில நீ அங்க நிக்கலேன்னா, விடுதியில உன் படுக்கையை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க.

— தெரியும்.

— நீ போகலேன்னா அவ அம்மா வீட்டுக்குப் போயிடுவேன்னு சொல்றா. அது தெரியுமா?

— அதுவும் தெரியும். பெட்டியை எடுத்துக் கட்டிலுக்கு மேல வெச்சிருக்கா.

— அப்புறம் என்ன? இதை மூட்டை கட்டு, கிளம்பு.

— வாட்ச்சை முடிச்சுட்டுப் போறேன்.

— என்னத்தை முடிப்பே? இதுல எதெல்லாம் மாத்தியிருக்கே, சொல்லு பார்ப்போம்.

— கண்ணாடி ஒரிஜினல். சாவி குடுக்குற திருகும் ஒரிஜினல். டயல், உடைஞ்சு போன ஒரு நிஜ வாட்ச்லேர்ந்து எடுத்தது. கண்ணாடியைச் சுத்தியிருக்கிற வளையமும் அப்படித்தான். முள் எல்லாம் நேத்து வந்துச்சு.

— எவ்வளவுன்னு நான் கேட்க மாட்டேன்.

— கேட்காதீங்க.

— சரி, இன்னும் எதெல்லாம் டூப்ளிகேட்?

— மெஷின். அதை வாங்குற அளவுக்கு நம்மால முடியாது. அப்புறம் பின்மூடி.

— மூடிதானே? அதையும் மாத்திடேன்.

— அதுல என் பேர் இருக்கே அண்ணே. ‘லியூங் தாக், பதினஞ்சு வருஷ உழைப்புக்கு நன்றி’ன்னு வெட்டியிருக்கு. அதைக் கழட்டிட்டா அப்புறம் எவனோ ஒருத்தன் வாட்ச். என் பேர் இருக்குற இடம் மட்டும்தான் டூப்ளிகேட்டாவே இருக்கு.

— பிரேக் போடு தம்பி. இது வெறும் தகரம். இதுக்காகவா வாழ்க்கையை நிறுத்தி வெச்சிருக்கே?

— தகரத்துக்காக இல்ல. நான் ஒண்ணு கேட்கிறேன், பதில் சொல்லுங்க. எனக்கு மட்டும் ஏன் டூப்ளிகேட்டைக் குடுத்தார்?

— உனக்கு மட்டும்னு யார் சொன்னா?

— ஆலையை மூடினதுக்கப்புறம் விக்கக் கொண்டு போனேனே, அன்னிக்கு அந்தக் கடைக்காரன் திறந்துகூடப் பார்க்கல. கையில தூக்கிப் பார்த்தான். பக்கத்துல இருந்தவனைக் கூப்பிட்டுக் காட்டினான். ரெண்டு பேரும் சிரிச்சாங்க. ‘இதுல பேர் வேற வெட்டியிருக்கான்’னு சிரிச்சாங்க அண்ணே. ஆனா நம்மகூட வேலை பார்த்த சோவ் தன்னோடதை வித்துத்தானே மகளைக் காலேஜ்ல சேர்த்தான்? ஹுவாங் அக்கா அவங்களோடதைப் பெட்டியில வெச்சுப் பூட்டியிருக்காங்க. உங்களோடது இதோ, வழுக்கிக்கிட்டுப் போகுது. மேடை ஏறினது பதினாலு பேர். இளிச்சவாயன் நான் ஒருத்தன்தான்.

— நீயா ஒரு கணக்குப் போட்டுக்காதே.

— காரணம் இருக்கு. நினைவிருக்கா, நம்ம ஆலையில செய்யுற கரண்ட் கெண்டிக்கு வர்ற வயர் மட்டமா இருக்குன்னு நான் லைனை நிறுத்தினேனே? ஒரு ஷிஃப்ட் பூரா. கப்பல் போயிடுச்சு, சரக்கு நின்னுடுச்சு. எல்லாரும் என்னை வேலையை விட்டுத் தூக்கிடுவார்னு நினைச்சாங்க. லாவ் முதலாளி வந்து தோளைத் தட்டி, ‘நல்ல காரியம் பண்ணினே’ன்னு மட்டும் சொன்னார். அந்த வருஷக் கடைசி விருந்துலதான் வாட்ச். என் கையில மாட்டிவிடும்போது ஒரு சிரிப்பு சிரிச்சார் பாருங்க... இப்பத்தானே புரியுது, எதுக்கு சிரிச்சார்னு.

— நீ அழுதே.

— என்ன?

— மைக்கைப் பிடிச்சுக்கிட்டு அழுதே. ‘எங்கப்பா செத்தப்பகூட ஆலைக்கு வந்தேன், அது வீண் போகல’ன்னு சொன்னே. வறுத்த வாத்தை வாயில வெச்சுக்கிட்டு அத்தனை பேரும் மெல்லாம உட்கார்ந்திருந்தாங்க.

— அதைத்தான் சொல்றேன். அவருக்குத் தெரியும், என் கையில மாட்டினது என்னன்னு. தெரிஞ்சுக்கிட்டே என்னை அழவிட்டு வேடிக்கை பார்த்திருக்கார். படுத்தா அந்தச் சிரிப்புதான் வருது. ஹுய்ஜோவுக்குப் போனாலும் கூடவே வரும். இதை நிஜமாக்கிட்டேன்னா... தெரியல. அவர் குடுக்காததை நானே எனக்குக் குடுத்த மாதிரி இருக்கும்.

— தாக்.

— ம்.

— அந்த இடுக்கியைக் கீழே வை. சொல்றதைக் கேளு.

— கேட்குது, சொல்லுங்க.

— எல்லாமே டூப்ளிகேட்தான்.

— எது?

— எல்லா வாட்ச்சும். நான்தான் காரை ஓட்டினேன். விருந்துக்கு முந்தின வாரம், குவாங்ஜோவுல ரயில் நிலையத்துக்குப் பக்கத்துல இருக்குற வாட்ச் சந்தை. மழை. முதலாளி குடை பிடிச்சுக்கிட்டு முன்னால போறார், நான் பின்னால போறேன். மாடியில ஒரு பொம்பளை, ஏதோ முட்டை எண்ணுற மாதிரி எண்ணி, காய்கறி வாங்குற சிவப்புப் பையில போட்டுக் குடுத்தா. அவர் கையால தொடல. நான்தான் தூக்கிட்டு வந்தேன்.

— சும்மா சொல்றீங்க. என்னை ஹுய்ஜோவுக்கு அனுப்ப ஒரு கதை.

— கதை கட்டத் தெரிஞ்சா நான் ஏன் டிரைவரா இருக்கேன்? வர்ற வழியில, சுங்கச்சாவடிகிட்ட முதலாளி சொன்னார், ‘பாங், இன்னிக்கு நாம எங்கேயும் போகல.’

— நீங்க என்ன சொன்னீங்க?

— என்ன சொல்றது? முதலாளி எங்கேயும் போகலேன்னா டிரைவரும் எங்கேயும் போகல.

— அப்போ சோவ்? மகள் காலேஜ்?

— சோவைப் பார்த்தும் கடையில சிரிச்சாங்க. வெளிய வந்து வித்துட்டேன்னு சொல்லிக்கிட்டான். அவன் மக எந்தக் காலேஜுக்கும் போகல. ஃபோஷான்ல நகப்பூச்சுக் கடையில பொம்பளைங்களுக்கு நகம் தேய்ச்சு விடுறா. போய்ப் பாரு.

— ஹுவாங் அக்காவோடது?

— பெட்டியிலேயே இருக்கட்டும். அதைத் திறந்து பார்க்கச் சொல்லிடாதே.

— உங்களோடதும்?

— எல்லாமேன்னு சொன்னேன்ல?

— பதினாலும்?

— விடு தம்பி. ஆமா.

— அட... அட நாசமாப் போறவனே! பதினாலு பேரையுமா! அப்போ நான் மட்டும் இல்ல! அந்தக் கெண்டி வயருக்காக இல்ல!

— இதுக்குப் போய் இப்படிச் சிரிக்கிறியே.

— சிரிக்காம? இத்தனை மாசமா நான் என்ன தப்புப் பண்ணினேன், என்ன தப்புப் பண்ணினேன்னு மண்டையை உடைச்சுக்கிட்டு... அந்த ஆளுக்கு என் மூஞ்சியே நினைவிருக்காது அண்ணே! மொத்தமா வாங்கி மொத்தமா மாட்டியிருக்கான்! ஃபேனைப் போடுங்க!

— தூசி?

— பறக்கட்டும். லிச்சி எங்கே? பசிக்குது. காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல. சியூலானுக்கு போன் பண்ணுங்க... வேணாம், நானே பண்றேன். வரும்போது வறுத்த வாத்து வாங்கிட்டு வரச் சொல்றேன். அந்தப் பெட்டியை இறக்கி என் துணியை வைக்கச் சொல்றேன்.

— திங்கக்கிழமை?

— போறேன்.

— என் தலை மேல சத்தியமா?

— உங்க வழுக்கை மேல சத்தியமா. நாலு மணிக்குத் தேதி மாறினா மாறட்டும், இப்படியே கட்டிக்கிட்டுப் போறேன்.

— இப்பத்தான் நீ பழைய தாக். சரி, நான் கிளம்புறேன். என் வாட்ச்சைக் குடு.

— இருங்க, உட்காருங்க. உங்களைச் சும்மா அனுப்புவேனா? யாருமே சொல்லாததை நீங்கதானே வந்து சொன்னீங்க. இந்த ஒரிஜினல் கண்ணாடியையும் டயலையும் உங்க வாட்ச்ல மாட்டித் தர்றேன். எனக்கு இனிமே எதுக்கு?

— ஐயையோ, வேணாம். கிழவன் கைக்கு இதுவே போதும்.

— அஞ்சே நிமிஷம். பழகின கை இப்போ.

— பழகின கைதான் நாலு மணிக்குத் தேதியை மாத்துதே! குடு தம்பி, பஸ்ஸுக்கு நேரமாச்சு.

— பயப்படாதீங்க அண்ணே, டூப்ளிகேட்தானே? கெட்டுப் போனா என்ன போச்சு?

— தாக், விளையாடாதே. இப்படிக் குடுத்துடு.

— என்ன இது, மூடி இவ்வளவு இறுக்கம்? என்னோடது கட்டை விரலை வெச்சுத் திருகினாலே வந்துடும். அந்தப் பெரிய திருகியை எடுக்கிறேன்... ம்... வருது... வந்துருச்சு.

— மூடிடு.

— இருங்க, விளக்கைக் கிட்ட இழுக்கிறேன்.

— தம்பி?

— ஃபேனை நிறுத்துங்க.

— எதுக்கு?

— நிறுத்துங்க அண்ணே. இது மேல தூசி விழக் கூடாது.

— நிறுத்திட்டேன். மூடிடு தாக்.

— இந்த மெஷினை நான் படத்துல மட்டும்தான் பார்த்திருக்கேன். ஒவ்வொரு ராத்திரியும் போனைப் பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பார்ப்பேன். சக்கரத்துக்கு அடியில, யாரும் பார்க்காத இடத்துலகூட மெருகு போட்டிருக்காங்க, பாருங்க. போலி பண்றவன் அங்கெல்லாம் மெருகு போட மாட்டான்.

— அதைப் பார்த்து என்ன ஆகப் போகுது? நான் சொன்னதுல ஒரு சொல்கூடப் பொய்யில்ல. சந்தைக்குப் போனது நிஜம், பை நிஜம்...

— இதை ஏன் விக்கல நீங்க? உங்களுக்கும்தானே சம்பளம் வரல?

— வித்தா எல்லாருக்கும் தெரிஞ்சு போயிடுமே.

— பதினாலு பேர் மேடை ஏறினோம். அந்தச் சிவப்புப் பையை நீங்கதான் தூக்கிட்டு வந்தீங்க. பையில எத்தனை வாட்ச் இருந்துச்சு? இப்ப மூச்சு விடலாம் அண்ணே. சொல்லுங்க.

— பதிமூணு.