விருந்தாளிகளுக்குக் காட்டாத கை

கிளாரா, கிட்ட வந்து உட்கார் கண்ணு. அவல் கொண்டுவந்திருக்கிறேன்; தேங்காய் கொஞ்சம் முற்றல், நன்றாக மென்று தின்ன வேண்டும். தின்றுகொண்டே கேள். உனக்கு மட்டும் ஒரு கதை சொல்கிறேன்.

என் கையை நீ பார்த்திருக்கிறாய். கச்சால் தீவில் இருபத்திரண்டு வருடம் ரப்பர் பாலை உறையவைத்த கை. பாலில் ஊற்றுகிற ஆசிட் விரல் நுனியையெல்லாம் தின்றுவிட்டது. நகம் மூன்றுதான் மிச்சம். சுனாமிக்குப் பிறகு நிக்கோபாரை விட்டு இந்த அந்தமான் வண்டூருக்கு வந்தேன். புது கரண்ட் நிலையத்தில் பெருக்கித் துடைக்கிற வேலை கிடைத்தது. முதல் நாளே மூக்கு சொல்லிவிட்டது, பீப்பாயில் வந்திறங்குவது அதே ஆசிட் என்று.

இன்ஜினியர் சந்திரசேகர் பொறுமையாகத்தான் விளக்குவான். "இதுக்குள்ள ஹைட்ரஜன் ஒளிஞ்சிருக்கும்மா. இந்தக் கறுப்புத் தூள் அதைப் பிரிச்சு விடும். தூள் மட்டும் தீரவே தீராது. அந்த வாயுவுலதான் கரண்ட். புகையே கிடையாது."

"தூளுக்குச் சாவே இல்லையா சாப்?"

"கந்தகம் பட்டாப் போச்சு," என்று சிரித்தான்.

அவன் பேச்சை நம்பி உங்கள் தெருவுக்குக் கரண்ட் கொடுத்த டீசல் இன்ஜினைக் கழற்றி ஹேடோ துறைமுகத்துக்கு ஏற்றிவிட்டார்கள்.

திறப்பு விழாவுக்கு மெயின்லேண்டிலிருந்து பெரிய சாப்கள் வந்தார்கள். டீத் தட்டோடு நின்றேன். சந்திரசேகர் காதருகே வந்து, "உங்க கையைப் பாத்தா பயந்துடுவாங்கம்மா. ஸ்டோர் ரூம்ல இருங்க," என்றான். கதவிடுக்கு வழியாக மைக்கில் அவன் குரல் கேட்டது. "இந்த ஆசிட் எலுமிச்சம் சாறு மாதிரிதான் சார். தொட்டாலும் ஒண்ணும் ஆகாது."

இருபத்திரண்டு வருடம், கண்ணு.

எனக்குக் கோபம் வராது, உனக்கே தெரியும். தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாளும் விருந்தாளிகள் மெஷினைப் பார்ப்பதாக இருந்தது. காலையில் வழியில் நீ எதிரே வந்தாய். "மாதா புண்ணியம் சொர்ணக்கா, கரண்ட் நிக்காம வருது. மூச்சு மெஷின் இல்லாட்டி எங்க வீட்டுக்காரரு தாங்க மாட்டாரு. ஆக்சிஜன் சிலிண்டரும் காலி. புதுசு வர்ற கப்பல் வியாழக்கிழமைதானாம்," என்றாய். பயப்படாதே என்று உன் கன்னத்தைத் தடவினேன். மிளகாய்ச் செடிக்குத் தூவுகிற கந்தகம் அப்போது என் மடியில் இருந்தது.

அந்தக் கறுப்புத் தூளில் ஒரு பிடி போட்டேன். அவ்வளவுதான்.

பதினொரு மணிக்குக் கரண்ட் மெஷின் நின்றது. சந்திரசேகர் ஒவ்வொரு பொத்தானாக அமுக்கினான். சட்டை முதுகோடு ஒட்டிப்போயிற்று. பெரிய சாப்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நீ தலைவிரிகோலமாக ஓடிவந்தாய். விழப்போன உன்னைத் தாங்கிப் பிடித்தது இந்தக் கைதான். "வந்துடும் கிளாரா, இப்ப வந்துடும்," என்றேன். வராது என்று எனக்குத் தெரியும். சொல்லியிருந்தால் உன் புருஷன் தாமஸைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பாய். நேரம் இருந்தது. ஆனால் விருந்தாளிகள் இன்னும் போகவில்லை. நான் சொன்னால் சந்திரசேகர் பழியிலிருந்து தப்பித்துவிடுவான்.

நேற்று சர்ச்சில் பூசை முடிந்ததும், "சந்திரசேகரை மன்னிச்சுட்டேன்," என்றாயாமே. அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. என் கையை ஒளித்துவைத்தவனை நீ எப்படி மன்னிக்கலாம்? கந்தகம் போட்டவள் நான்தான். தாமஸைக் கொன்றவன் அவன்தான். இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல், ஆனால் அந்த மன்னிப்பை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்.

ஏன் கண்ணு, அவலைக் கீழே வைத்துவிட்டாய்? தின்னு. உன் வீட்டு விளக்கு எந்நாளும் அணையாமல் எரியட்டும். உன் பிள்ளைகள் மூச்சு முட்டாமல் நூறு வயது வாழட்டும்.