கைரேகைக்குக் கொண்டுபோன பவுடர்

சாயங்காலம் சிவகாசியிலிருந்து வெம்பக்கோட்டை போகும் பஸ்ஸில் எனக்கு எப்படியோ உட்கார இடம் கிடைத்துவிட்டது. பள்ளிச் சீருடையில் இரண்டு பெண்கள் ஏறினார்கள். ஒல்லியானவள் தன் பையை என் மடியில் வைத்துவிட்டு, நாலடி பின்னால் தள்ளித் தோழியோடு கம்பியைப் பிடித்து நின்றாள். அவள் குரலில் பெருமை வழிந்தது.

"இன்னிக்கு ஸ்கூல்ல வச்ச குற்றவியல் பயிற்சி வகுப்புல என் கைரேகைதான் பளிச்சுனு விழுந்துச்சு. சாரே பாராட்டுனாக."

"நாங்கல்லாம் மொகத்துக்குப் போடுற பவுடரத்தான் தூவுனோம். ஒனக்கு மட்டும் எப்படி?"

"இது வெள்ளியா மினுங்குற பவுடரு. அம்மா பட்டாசுக்குக் கலந்து வீட்டுல வச்சிருந்துச்சு. அதுல கொஞ்சம் அள்ளிட்டு வந்தேன்."

தோழியின் குரல் தணிந்தது.

"வீட்டுல வச்சுப் பட்டாசு செய்யுறது குத்தம்னு காலையிலதான சோசியல் டீச்சர் சொன்னாக?"

"சொன்னாக. நானும் எழுதிக்கிட்டேன்."

"கலந்த பட்டாசு மருந்து உரசுனாலே பத்திக்கிரும்னு சயின்ஸ்ல சொன்னாகள்ல?"

"அது கம்பெனியில இருக்க மருந்துக்குன்னு நெனச்சேன்."

"எதுல கொண்டாந்த?"

"டிபன் பாக்ஸுல."

"மிச்சம் எங்க?"

"அதுலயேதான் கெடக்கு. பையில."

"பை எங்கன?"

நான் திரும்பிப் பார்த்தேன். இரண்டு பேரும் என் மடியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் வேகத்தடை ஒன்று வந்துகொண்டிருந்தது. டிரைவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.