விசில் ஊதியது யார்?

இந்த இயந்திரத்துக் காபியை வாயில் வைக்க முடியாது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது மரியாதை. விமானங்களுக்கு நான் ஊற்றும் எண்ணெய் இதைவிடச் சுத்தம். சர்க்கரை அந்த டப்பாவில் இருக்கிறது. எறும்பு இருந்தால் தட்டிவிட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

கல்லூரிக்காக விசாரிக்க வந்த வக்கீல் என்கிறீர்கள். பதிவுக் கருவி ஓடட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. பெயர் ராய்ஸ் ஸ்ப்ராட்லின். இந்தச் சிறிய விமானத்தளத்தில் இரவு வேலை. எரிபொருள் நிரப்புவேன், கூட்டுவேன், ஓடுபாதைக்கு மான் வந்தால் விரட்டுவேன். உங்கள் கார்விக் கல்லூரியில் கொஞ்ச காலம் படித்தவன்தான் நானும். படித்தேன் என்பது பெரிய வார்த்தை. பனிக்காலம் முழுக்கக் கூடைப்பந்து பார்க்க நான் வகுப்பை விட்டேன். வெயில் வந்ததும் கல்லூரி என்னை விட்டது. கணக்கு சரியாகிவிட்டது.

இந்தியானாவின் இந்த மூலையில் சோளமும் கூடைப்பந்தும்தான். சோளத்துக்காவது அறுவடை என்று ஒரு முடிவு உண்டு. தலைமைப் பயிற்சியாளர் நாற்காலி காலியாகிவிட்டால் எங்கள் ஊரில் யாரும் கல்லூரி வாசலைப் பார்ப்பதில்லை, வானத்தைப் பார்ப்பார்கள். புதுப் பயிற்சியாளர் தனி விமானத்தில்தான் வருவார் என்பது ஐதீகம். விமானத்தின் வாலில் இருக்கும் எண்ணைக் கைபேசியில் தட்டி, அது எங்கே கிளம்பியது, எங்கே இறங்குகிறது என்று பல் மருத்துவர் முதல் பாதிரியார் வரை எல்லாரும் துரத்துவார்கள். ஆனால் கதவு திறந்து இறங்குவது யார் என்று கைபேசி சொல்லாது. அதை நான் சொல்வேன்.

ரசிகர்களின் இணைய மன்றத்தில் என் பெயர் ‘வால்நட்சத்திரம்’. ஆமாம், அது நான்தான். நீங்கள் அவ்வளவு சுற்றி வளைத்துக் கேட்டிருக்க வேண்டாம். முன்பொரு முறை ஸ்டிங்லி என்ற பயிற்சியாளர் வருகிறார் என்று ஊருக்கு முந்திச் சொன்னேன். அவர் விமானத்திலிருந்து இறங்கிக் கழிப்பறை எங்கே என்று என்னிடம் கேட்டார். என் உளவுத்துறை முழுவதும் அவ்வளவுதான். அதன்பிறகு ஆயிரக்கணக்கான பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். படிப்பும் இல்லை, பெண்டாட்டியும் இல்லை, பகலும் இல்லை. ஆனால் நான் ஒரு வரி எழுதினால் ஊர் தூங்காது. அந்த ருசி தெரியாதவர்களுக்கு விளக்க முடியாது.

போன மார்ச்சில் ஸ்டிங்லியை நீக்கினார்கள். அடுத்தது யார் என்று மன்றத்தில் கெஞ்சல் தொடங்கியது. என்னிடம் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் ஒரு சின்ன விமானம் இறங்கியது. அதிலிருந்து நெட்டையான மனிதர் ஒருவர் கல்லூரியின் பச்சை நிறத்திலேயே கோட்டு போட்டுக்கொண்டு இறங்கினார். கல்லூரிக் கார் அழைத்துப் போனது. மேற்கே பெரிய அணி ஒன்றை நடத்தும் லோமக்ஸ் என்பவரும் நெட்டை. நான் எழுதினேன்: “லோமக்ஸ் வந்து இறங்கிவிட்டார். முடிந்தது.”

காலையில் அந்த மனிதர் திரும்பி வந்தார். நீங்கள் உட்கார்ந்திருக்கும் அதே நாற்காலி.

“தம்பி, உங்க காலேஜ் ஜிம் தரையப் பாத்திருக்கியா? பலகையெல்லாம் ஓரத்துல உப்பிப் போச்சு. நாங்கதான் புதுசா போடப் போறோம்.”

“நீங்க லோமக்ஸ் இல்லையா?”

“லோமக்ஸா? அவரு என்ன மரம் விக்கிறாரு?”

வேலை முடிந்து சாப்பிடப் போனால், பெட்டினாவின் கடையில் திருவிழா. பெட்டினா முட்டையைப் புரட்டிக்கொண்டே சொன்னாள்: “கேட்டியா ராய்ஸு? லோமக்ஸாம்! அந்த வால்நட்சத்திரம் எழுதிட்டான்னா கல்லுல வெட்டுன மாதிரி. நீயும் அதே ஏர்போர்ட்டுலதான் கெடக்குற. உன் கண்ணுல ஒரு கோழிகூடப் படமாட்டேங்குது.”

பன்றி இறைச்சியை மென்றுகொண்டே நான் தலையாட்டினேன்.

இனி டெல்மர். டெல்மர் பக்னர், இருபது வருஷமாகக் கல்லூரியில் துணைப் பயிற்சியாளர். விடிவதற்குள் ஜிம்முக்குப் போகிறவர், வழியில் இங்கே நின்று மனைவி ஐரீன் சுட்ட சோளரொட்டியில் பாதியை எனக்குத் தருவார். ஏன் தந்தார் என்று தெரியாது. நான் கேட்டதில்லை. இணையத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்தது, அதில் வானிலை வரும் என்பது மட்டும். ஆகவே என்னை நம்பி எல்லாவற்றையும் சொல்வார்.

மறுநாள் காலை அவர் ரொட்டியைப் பிரிக்கவே இல்லை.

“ராய்ஸு, யார்கிட்டயும் மூச்சு விடாத. திங்கக்கெழம அறிவிக்கிறாங்க. நாந்தான்டா.”

“கோச், நெசமாவா?”

“இருபது வருஷமா எவனெவனோ போட்ட பந்தப் பொறுக்கிக் குடுத்தேன். ஐரீன் நேத்து ராத்திரி என் பச்சை டைய இஸ்திரி போட்டு வச்சிட்டா. பைத்தியக்காரி, இன்னும் நாலு நாள் கெடக்கு.”

கை குலுக்கினேன். மனதார மகிழ்ந்தேன், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் போனபிறகு மன்றத்தைத் திறந்து, “நான் சொன்னது தவறு” என்று எழுதிப் பார்த்தேன். பார்க்கவே அசிங்கமாக இருந்தது. அழித்துவிட்டேன்.

நிதானமாக யோசித்தேன். டெல்மருக்கு வேலை ஏற்கெனவே இருக்கிறது, வீடு இருக்கிறது, ஐரீன் இருக்கிறாள். எனக்கு இருப்பது ஒரு பெயர், அதுவும் என் பெயரல்ல. ஒருவரிடம் நிறைய இருந்து இன்னொருவரிடம் ஒன்றே ஒன்று இருந்தால் யார் விட்டுக்கொடுக்க வேண்டும்? நீங்கள் சட்டம் படித்தவர், சொல்லுங்கள்.

அதற்கு முந்தைய இலையுதிர் காலத்தில் டெல்மர் ஒரு விஷயம் சொல்லியிருந்தார். ஜமாரி என்ற பையன் காய்ச்சலோடு பயிற்சிக்கு வந்து மயங்கி விழுந்தான். ஜிம்மில் மூன்றே பேர்: ஸ்டிங்லி, டெல்மர், ஜமாரி. வெளியே தெரியாமல் கல்லூரி மூடிவிட்டது. அந்தப் பையனைத் தன் கையால் தூக்கிக்கொண்டு ஓடியதை இங்கே உட்கார்ந்து சொன்னபோது டெல்மர் அழுதார். நான் காகிதத் துண்டு எடுத்துக் கொடுத்தேன்.

மன்றத்தில் நான் எழுதியது இவ்வளவுதான்: “காய்ச்சலில் ஒரு பையன் விழுந்தானே, அப்போது விசில் ஊதியது யார்? டெல்மர் பக்னரைக் கேளுங்கள்.”

இதில் பொய் எங்கே? விழுந்தது உண்மை. விசில் ஊதியதும் டெல்மர்தான். வெறும் கேள்விதான் கேட்டேன். விசில் ஊதியவர்தான் பையனை ஓடவிட்டவர் என்று மன்றம் தானாகவே முடிவு கட்டிக்கொண்டது.

திங்கள்கிழமை அறிவிப்பு வரவில்லை. விசாரணைக் குழு போட்டார்கள். ஸ்டிங்லியைக் கேட்டார்கள், விசில் தன் கையில் இல்லை, டெல்மர் கையில்தான் இருந்தது என்று அவர் சந்தோஷமாகச் சொன்னார். அதுவும் உண்மை. டெல்மர் எதற்காக ஊதினார் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. நானும் எழுதவில்லை. “போதும், நிறுத்துங்க, புள்ள விழப் போறான்” என்று நிறுத்தத்தான் ஊதினார். ஸ்டிங்லி நிறுத்தவில்லை. விவரம் அதிகமானால் மன்றத்தில் யாரும் படிக்க மாட்டார்கள்.

டெல்மர் வந்தார். முகம் வெந்த கிழங்கு மாதிரி இருந்தது.

“எவன்டா சொல்லிருப்பான்? ஸ்டிங்லி தன் தலைல தானே மண்ண வாரிப் போட்டுக்க மாட்டான். வெளியாளுல உன்கிட்ட மட்டுந்தான் சொன்னேன், நீ பூச்சி மாதிரி, உனக்கு யாரு இருக்கா சொல்றதுக்கு?”

சரியான பேச்சு. நான் கோபப்படவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டேன்:

“அந்தப் பையனுக்கு உங்க மேல ஏதும் கோவமா, கோச்?”

ரொட்டியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்.

ஜமாரி அன்று மாலை அவர் வீட்டு வாசலில் வந்து நின்றானாம். குழுவிடம் நடந்ததைச் சொல்கிறேன், எப்போது வர வேண்டும் என்று கேட்க வந்திருக்கிறான். டெல்மர் கதவைத் திறக்கவில்லை. “போயிரு. உன்னப் புள்ள மாதிரி தூக்குனேன்” என்று உள்ளிருந்தே சொன்னார். அவனைக் கூப்பிட வேண்டாம் என்று குழுவிடமும் சொல்லிவிட்டார். பையனுக்கு ஒன்றும் புரியவில்லை. அடுத்த வாரம் பேருந்து ஏறி ஊருக்குப் போனவன் பந்தைத் தொடவே இல்லை என்கிறார்கள். இப்போது உங்களிடம் பேசிவிட்டானா? நல்லது. இன்னும் வளர்ந்துவிட்டானா?

டெல்மரை வீட்டுக்கு அனுப்பினார்கள். கல்லூரி அவசரத்தில் ஒரு பெரிய பெயரைத் தேடியது. ஊர் முழுக்க ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்த பெயர் ஒன்று தயாராக இருந்தது. லோமக்ஸுக்கு அதுவரை இந்த ஊர் வரைபடத்தில் எங்கே என்றே தெரியாது. வந்தார். நான்தான் எரிபொருள் நிரப்பினேன். வால்நட்சத்திரத்துக்கு மன்றத்தில் பொற்கிரீடம் வரைந்து போட்டார்கள். பெட்டினா அன்று எல்லாருக்கும் ஆப்பிள் பணியாரம் இலவசமாகத் தந்தாள். இரண்டு தின்றேன்.

என்னைக் கல்நெஞ்சன் என்று நினைக்கிறீர்கள். டெல்மரை ஒரு பள்ளிக்கூடமும் வேலைக்குச் சேர்க்காதபோது இங்கே புல் வெட்டும் வேலை வாங்கிக் கொடுத்தது யார்? நான். அதையும் உங்கள் கருவி பதியட்டும். வெளியே கேட்கிறதே, அது அவர் ஓட்டும் இயந்திரம்தான். இப்போதும் ரொட்டியில் பாதி எனக்கு. ஐரீன் தன் அக்காள் வீட்டுக்குப் போய்விட்டதால் கடை ரொட்டி.

செய்தது நான்தான். சுற்றி வளைக்கவில்லை. அதைச் சரிசெய்யவும் தொடங்கிவிட்டேன். லோமக்ஸ் வேறு இடம் போகிறார் என்று பேச்சு. நேற்று மன்றத்தில் எழுதினேன்: “அடுத்த தலைமைப் பயிற்சியாளர் டெல்மர் பக்னர். முடிந்தது.”

பெட்டினா கடையில் யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். இன்று காலை சிரித்துக்கொண்டே வந்தார். “எப்பக் கூப்பிடுவாங்கன்னு தெரியாதுல்லடா” என்றார். ஜன்னல் வழியாகப் பாருங்கள். புல் வெட்டுகிறவர் கழுத்தில் அந்தப் பச்சை டை. அவரே இஸ்திரி போட்டிருக்கிறார், கொஞ்சம் கருகிவிட்டது.

அவர் பெயர் கல்லூரியின் யோசனையிலேயே இல்லை என்கிறீர்கள்.

போன வருஷம் லோமக்ஸ் பெயரும் இல்லையே.