விரால் முழுகுமா?

ஆம்பூரில் ஒரு புருஷனும் பெண்ஜாதியும் மண்பானையோடு ரயிலேறினார்கள். பானைக்குள் உயிரோடு ஒரு விரால். வாணியம்பாடியில் மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் கிணற்றுத் தண்ணீரெல்லாம் புழுவாம். அதைத் தின்ன இந்த மீனை விடப் போகிறார்களாம்.

வண்டி நகர்ந்ததும் அந்த அம்மாள் போட்ட சத்தத்தில் பெட்டியே திரும்பிப் பார்த்தது.

"தண்ணியக் கொட்டுய்யா! மீனு முழுகிச் செத்துடும்!"

"இன்னாமே, மீனு எங்கனா முழுகுமா?"

எனக்கும் அதே சந்தேகம்தான்.

"விராலு மேல வந்து காத்து குடிக்கணும்யா. நீ வாய் வரைக்கும் ரொப்பி, துணியும் இறுக்கிக் கட்டிக்கீறியே."

"வழியில தண்ணி கம்மியாயிடக் கூடாதேன்னுதான்..."

அவளே துணியை அவிழ்த்து, பாதித் தண்ணீரை ஜன்னலுக்கு வெளியே கொட்டினாள். மீன் அசையவில்லை. மனிதர் பானையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து விரால் மெல்ல மேலே வந்தது, 'பளக்' என்று ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு அடியில் போய்ப் படுத்தது.

அவருக்கு வாயெல்லாம் பல். உடனே இன்னொரு கவலை.

"ஏம்மே, கெணத்துல அவ்ளோ தண்ணி கீதே. அதுல முழுகிடாதா?"

"கெணத்து வாய எவன்யா துணி போட்டுக் கட்டறான்? வானம் வரைக்கும் தொறந்துதானே கெடக்குது!"