முதல் காட்சியில் நிறுத்தியவர்

திரையில், மண்ணில் ஒரு சைக்கிள் விழுந்து கிடக்கிறது. சக்கரம் இன்னும் சுற்றுகிறது. ஆள் இல்லை. வீட்டுக்குள் யாரோ சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பு நம்மை ஏன் பயமுறுத்துகிறது? எனக்குப் பதில் தெரியாது. கேட்டவர் போன வாரம் மாரடைப்பில் போய்விட்டார்.

மேடையில் இருக்கும் இந்த லாட்ஜின் உரிமையாளர் திரு. சுப்பிரமணி அவர்களே, கலையரசனின் துணைவியார் கஸ்தூரி அவர்களே, திரை ரசனை வட்டத்து நண்பர்களே, வணக்கம்.

நம் செயலாளர், மின்வாரிய எழுத்தர் கலையரசனை மாமனிதர் என்று சொல்ல நான் வரவில்லை. யாரையும் பேசி முடிக்க விடமாட்டார். ஆனால், நீ என்ன பார்த்தாய் என்று இந்த ஊரில் நம்மைக் கேட்டவர் வேறு யார்?

முதல் காட்சி முடிந்ததும் புரொஜக்டரை நிறுத்துவார். விளக்கைப் போடுவார். "கதைய வுடுங்க. என்ன பாத்தீங்க, என்ன கேட்டீங்க, அத்த சொல்லுங்க" என்பார். யாராவது வாய் திறக்கும்வரை காத்திருப்பார். இந்தச் சைக்கிள் காட்சியை முதலில் சத்தமில்லாமல் போட்டார். துக்கமாக இருந்தது. பிறகு சத்தத்தோடு போட்டார். அந்தச் சிரிப்பு கேட்டது. துக்கம் பயமாகிவிட்டது. படத்தில் எதுவும் மாறவில்லை. நாம்தான் மாறியிருந்தோம்.

ஒருமுறை ரீல் மாறிப்போனது. கதையை நடுவில் தொடங்கிய இயக்குநரின் துணிச்சலை வெகுநேரம் மெச்சினோம். அதிகம் மெச்சியவள், டாக்டர் பட்டம் வாங்கிய நான். புரொஜக்டர் ஓட்டும் பலராமன் டப்பாவைப் பார்த்துவிட்டு, "சார், இது ரெண்டாவது ரீலு" என்றார்.

"மேடம், அந்த டாக்டர் பட்டத்த யுனிவர்சிட்டிலயே திருப்பிக் குடுத்துடுங்க" என்றார் கலையரசன். சிரிப்பு அடங்கியதும் சொன்னார்: "ஆனா, படத்துல அந்தம்மா கதவப் பாத்துத் திரும்புனத நீங்க கவனிச்சீங்க பாருங்க, அது பொய்யில்லீங்க."

இந்த மாடி ஹாலைத் தடுத்து, பௌர்ணமி கிரிவலத்துக்கு வருகிறவர்களுக்கு அறைகள் கட்டப்போகிறார் சுப்பிரமணி. அவரைக் குறை சொல்லமாட்டேன். "அவரு இருந்தாரு, குடுத்தேன். நீங்க நாளைக்கு நடத்திக் காட்டுங்க மேடம், ஹால் உங்களுது" என்றிருக்கிறார்.

நடத்த முடியுமா? இனி யார் நிறுத்துவார்? யார் காத்திருப்பார்? எனக்கு அந்தப் பொறுமை இல்லை. நம்பிக்கையும் இல்லை. ஆனால் இதை விட்டால் நம்மிடம் வேறு என்ன இருக்கிறது? வாக்குக் கொடுக்கிறேன். நாளை மாலை இதே காட்சியைப் போடுவோம். நிறுத்துவோம். பேசுவோம். வாருங்கள்.

(இந்த உரையை வட்டத்தின் இதழுக்குத் தரும்போது, மறுநாள் நடந்ததையும் எழுதிச் சேர்க்கிறேன்.)

நாற்காலிகள் நிறைந்திருந்தன. சுப்பிரமணியும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். காட்சி முடிந்தது. நிறுத்தச் சொன்னேன். விளக்கைப் போட்டேன். "என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டேன். யாரும் பேசவில்லை. மறுபடி போட்டோம். அப்போதும் பேசவில்லை. மூன்றாம் முறை விளக்கருகே நான் போனபோது கஸ்தூரியின் குரல் கேட்டது.

"வேணாங்கக்கா, நிறுத்தாதீங்க. ஓடட்டும்."

ஓடவிட்டோம். படம் முடிந்ததும் எல்லோரும் எழுந்து போனார்கள். நான் ஹால் சாவியை நீட்டினேன். சுப்பிரமணி வாங்கிக்கொண்டார்.