ஏழாம் நம்பர் ரூமில் தண்ணீர் வரவில்லை

"ஹலோ... ஹலோ... ரிசப்ஷனா?... ஏழாம் நம்பர் ரூம்லேர்ந்து பேசறேங்க... குழாயில தண்ணி வரல... ஆமா, ஆமா, வெறும் காத்துதான்... பொண்ணு தலை நிறைய சோப்போட நிக்குது, கண்ணு எரியுதுன்னு ஊரைக் கூட்டுது... அஞ்சே நிமிஷத்துல ஆளை அனுப்பறீங்களா? ரொம்ப சந்தோஷம்... எந்த ஆளைங்க?... மோட்டார்காரரையா?... மேனேஜர் சார், நான்தான் சார் அந்த மோட்டார்காரன்."

இவ்வளவு மரியாதையாக மேனேஜர் பேசி அவன் கேட்டதே இல்லை. ஆற்றிலிருந்து காட்டு விடுதிக்குத் தண்ணீர் ஏற்றுகிற வேலை அவனுக்கு. பதினோரு வருடம் ஏற்றியதற்குப் பரிசாக, குடும்பத்தோடு ஒரு நாள் விருந்தாளியாகத் தங்கச் சொல்லியிருந்தார்கள். நாலு மணிக்குப் படகில் போய் மிருகங்களைப் பார்க்க வேண்டும். இன்றைக்கு ஸ்பேனரைத் தொடமாட்டேன் என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தான். பையில் துண்டுக்குள் சுருட்டி வைத்திருந்த ஸ்பேனரைக் கண்டுபிடித்து, அதைக் கையில் வைத்துக்கொண்டே அவள் எதிரில் நின்றாள்.

"இல்ல சார், 'சார்'னே கூப்பிடுங்க, கேக்க நல்லா இருக்கு... நான் வரணுமா?... படகு நாலு மணிக்கு சார், இப்பவே மூணே முக்கால்... அடுத்த வருஷம் பாத்துக்கலாமா? இருங்க, வீட்டுக்காரி எதிர்லதான் நிக்கிறா, கையில ஸ்பேனரோட. நீங்களே கேட்டுடறீங்களா?... வேணாமா... ரெண்டாவது ஆளா? அவரைத்தான் போன மாசம் வீட்டுக்கு அனுப்பிட்டீங்களே. 'ஒரு சுவிட்சைத் தட்ட ரெண்டு பேரா'ன்னு... ஆமா, ஆமா, உங்க வாயால சொன்னதுதான். ஒரு சுவிட்சுதானே சார், போனையும் கையோட எடுத்துட்டுப் போய்த் தட்டுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

ஸ்பேனர் கொஞ்சம் கீழே இறங்கியது.

"...படி வழுக்குதா? பாசி சார், வழுக்கத்தான் செய்யும்... மோட்டார் ரூமுக்கு வந்துட்டீங்களா? முதல்ல மெயினை ஆஃப் பண்ணுங்க. பண்ணாம எதையும் தொட்டுடாதீங்க, புது மேனேஜரைப் பழக்க எனக்குத் தெம்பு இல்ல... மோட்டார் தலையில மூடி இருக்கும், திருகுங்க... கையாலதான் சார்... உள்ள காத்து அடைச்சிருக்கு. பக்கெட்ல தண்ணி மொண்டு, வழியற வரைக்கும் ஊத்துங்க... பக்கெட் ஓட்டையா? ஓட்டைதான். புதுசு கேட்டு எழுதிக் குடுத்தேன், உங்க மேஜை மேலதான் கிடக்கும்... வேகமா ஓடி வந்து ஊத்தினாப் போதும்... பேன்ட்டு நனைஞ்சிடுச்சா? அச்சச்சோ... மூடியை இறுக்குங்க... இப்ப மெயினைப் போட்டுட்டு சுவிட்சைத் தட்டுங்க."

குளியலறைக் குழாய் இருமியது. கொஞ்சம் சேற்றைத் துப்பியது. பிறகு கொட்டோ கொட்டென்று கொட்டியது. மகள் போட்ட கூச்சலில் கூரைமேல் இருந்த குரங்குகள் தலைதெறிக்க ஓடின.

"வந்துடுச்சு சார்! கைராசிக்காரர் சார் நீங்க... என்னது?... எங்க?... வாசல்லயா?"

எழுந்து நின்றுவிட்டான். குரலில் இருந்த நக்கல் போன இடம் தெரியவில்லை.

"சார், கத்தாதீங்க. மெதுவா கதவைச் சாத்துங்க... ஒத்தைத் தந்தமா? அப்ப நம்ம பழைய ஆளுதான். குழாய் ஒழுகற எடத்துல குடிக்க வரும். சும்மா இருந்தா ஒண்ணும் செய்யாது... தாழ்ப்பாளா? தாழ்ப்பாள் இல்ல சார்... ஆமா, ரெண்டு வருஷமா இல்ல. கேட்டப்ப, 'யானை என்ன உன்னைத் தேடியா வருது'ன்னீங்க. பாருங்க, உங்களைத் தேடித்தான் போல... உள்பக்கம் கம்பி இருக்கும், ரெண்டு கையாலயும் இழுத்துப் பிடிங்க. காலைச் சுவத்துல முட்டுக் குடுங்க. நான் அப்படித்தான் பிடிப்பேன்... வர்றேன் சார், கண்டிப்பா வர்றேன், படகுல. அந்தப் பக்கமாத்தான் போகுது. ஆத்துலேர்ந்து சத்தம் குடுத்தா அதுவே நகந்துடும்... 'யானையை மிக அருகில் காணலாம்'னு நீங்கதானே போர்டு வெச்சீங்க, கண்டுக்கிட்டிருங்க... தாழ்ப்பாளா? நாளைக்கேவா? ரெண்டு எதுக்கு, ஒண்ணு போதும் சார்... ஒரு நிமிஷம். ரெண்டு கையாலயும்னு சொன்னேனே, அப்ப போனை எந்தக் கையில வெச்சிருக்கீங்க? வைங்க சார்! போனை வைங்க!"

லைன் துண்டானது.

படகின் மணி கேட்டது. மகள் ஈரத்தலையோடு செருப்பைத் தேடி ஓடினாள். மனைவி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள். சுவிட்சைத் தட்டிவிட்டு நிழலில் உட்காருகிற வேலை என்றுதான் இத்தனை வருடமும் அவளிடம் சொல்லி வைத்திருந்தான். ஸ்பேனரைக் கட்டில்மேல் போட்டுவிட்டு, அவன் இரண்டு கைகளையும் பார்த்தபடி அந்த யானை அடிக்கடி வருமா என்று அவள் கேட்டாள்.

"சே, அடிக்கடியெல்லாம் வராது," என்றான் அவன், செருப்பை மாட்டிக்கொண்டே. "தினம் ஒரு தடவைதான்."