அம்மாவின் மேஜை

— கழுவிட்டியா? டம்ளரைக் கழுவியே கவுத்துட்டியாக்கா?

— பின்ன? எச்சில் டம்ளரைப் பீரோவுல பூட்டியா வைப்பாங்க?

— உள்ள டீக்கறை இருந்துச்சு! காலையிலேர்ந்து அந்தக் கறைக்குத்தான் கலர் கலந்துட்டு இருந்தேன்!

— சொல்லியிருந்தா அடுப்படியிலேர்ந்து நாலு கறை எடுத்துக் குடுத்திருப்பேனே.

— கிண்டல் வேண்டாம். வந்த அன்னிக்கே சொன்னேன்ல, மேஜை மேல எதையும் தொடாதேன்னு?

— சொன்னே. பையைக்கூடக் கீழ வைக்கல. எப்படி இருக்கேக்கான்னு ஒரு வார்த்தை இல்ல. அதுவும் அம்மாவை எடுத்த மறுநாள் வந்து நிக்கிறே. நான் துணி வெட்டுற மேஜைடா அது. ஒரு வாரமா தரையில குப்புறப் படுத்து யூனிஃபார்ம் வெட்டுறேன். பள்ளிக்கூடமே ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டையாத்தான் நடக்கப் போகுது.

— அதுக்கு இப்படியா பழி வாங்குவே? அது சரி, எப்பப் பாத்தாலும் தலையில என்ன துண்டு? வெள்ளையடிக்க வந்த ஆள் மாதிரி?

— தலை வாரி ஒரு வாரமாச்சு. அவிழ்த்தா நீ பயந்துடுவே.

— உனக்கு எல்லாமே வெளையாட்டு. இந்தப் படம் கண்காட்சிக்குப் போகுதுக்கா. நாளைக்கு ஆள் வந்து வாங்கிட்டுப் போவாங்க. கீழ பேர்கூட எழுதிட்டேன்.

— என்ன பேரு?

— ‘அம்மாவின் மேஜை.’

— ...என்னது?

— அம்மா கட்டில் பக்கத்துல, அம்மா விட்டுட்டுப் போன மாதிரியே எல்லாம். டம்ளர், மாத்திரை அட்டை, சீப்பு.

— எங்க, காட்டு.

— கையை ஈரமில்லாம துடைச்சுக்கோ. பேப்பர்.

— துடைச்சாச்சு, துடைச்சாச்சு. குடு.

— சீப்புல சிக்கின நரைமுடியைப் பாத்தியா? அது வெள்ளைப் பெயின்ட் இல்ல. சுத்தி நிழலைப் பூசி, முடி இருக்குற இடத்துல வெறும் பேப்பரை விட்டிருக்கேன். அழுதுட்டே போட்டேன்க்கா.

— நல்லாத்தான் இருக்கு. தொட்டா கையோட வந்துடும் போல.

— இப்பப் புரியுதா, ஏன் கத்துறேன்னு? அம்மா கடைசியா வாய் வெச்ச டம்ளரைக் கழுவிட்டியே!

— அம்மா கடைசியில டம்ளர்ல குடிக்கலடா. ஸ்பூன்ல ஊத்தினேன். பாதி கழுத்துல வழியும்.

— அப்ப அந்த டீ...

— விடிய விடிய முழிச்சிருக்க நான் குடிச்சது. மாத்திரை என் முட்டிவலிக்கு.

— சரி, சீப்பு? சீப்பு அம்மாவோடதுதானே?

— படுக்கையில சிக்கு விழுதுன்னு அம்மாவுக்கு முடியை ஒட்ட வெட்டி ரெண்டு வருஷமாச்சு. ஒரு தடவை வந்திருந்தா பாத்திருப்பே.

— அக்கா... அப்ப இந்த நரை?

— வரைஞ்சு முடிச்சிட்டேல்ல? சீப்பைக் குடு. தலை வாரணும்.